ஸ்கிரீன்ஷாட்டில் சிக்கிய மாப்பிள்ளை

இன்று காலை சேலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அடிவாரம் தாண்டியதும் அவசர அவசரமாகச் செல்போனில் எதையோ தேடி எடுத்தாள். போனின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அமுக்கினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே வளைவுல சிக்னல் போயிருமுங்க தாத்தா. அதான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கறேன்" என்றாள், ஏதோ நான் குற்றம் கண்டுபிடித்துவிட்டதைப் போல.

"எடு கண்ணு, தாராளமா எடு. நானும் ஒரு காலத்துல ஸ்கிரீன்ஷாட்டுல சிக்கினவன்தான்" என்றேன்.

அவள் கொஞ்சம் ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தனியாகச் சிரிக்கும் கிழவன் பக்கத்தில் யார்தான் நிம்மதியாக உட்கார்வார்கள்? முழுக்கதையையும் சொல்லியிருந்தால் அவளுக்கும் புரிந்திருக்கும். ஆனால் அதற்கு ஏற்காட்டு மலையின் அத்தனை வளைவுகளும் போதாது. அந்தக் கதையை என்னோடு சேர்ந்து சிரிப்பதற்கென்று இருந்த ஆள் நீ ஒருவன்தான். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் வெள்ளக்கடையில் என் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, முழங்காலுக்குத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ எஸ்டேட் ரைட்டர், நான் அதே எஸ்டேட்டின் லாரி டிரைவர். காலையில் வேலைக்கு வரும் ஆட்களை வரிசையாக நிறுத்தி நீ பெயர் கூப்பிடுவாய். பனி இறங்கி முன்னால் நிற்பவர் முகமே தெரியாத நாட்களிலும் உன் குரல் மட்டும் கடைசி ஆள் வரைக்கும் போகும். அந்தோணியம்மாளை நீ ஒரு நாளும் 'அந்தோணி' என்று வெட்டியதில்லை. பெரியதாயி என்றால் பெரியதாயிதான். மேஸ்திரி யாரையாவது பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நோட்டைத் தாழ்த்தி அவரை ஒரு பார்வை பார்ப்பாய். "பேரக் கடிச்சுத் துப்பறவன் ஆளையே கடிச்சுத் துப்பறான்டா சூசை" என்று லாரியில் ஏறி உட்கார்ந்து என்னிடம் பொருமுவாய். என் முழுப்பெயர் மரியசூசை. அதை மட்டும் நீ தாராளமாக வெட்டினாய். கேட்டால், "நீ ஆளா? நீ என் கூட்டாளி" என்பாய்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உன் குரலுக்கு வேலை இல்லாமல் போனது. அப்போதுதான் நம் கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் இடம் காலியாகி, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவிப்பு வாசிக்க ஆள் தேடினார்கள். நீ போய் நின்றாய். கூட்டம் எத்தனை மணிக்கு, யாருக்கு உடம்பு சரியில்லை, இந்த வாரம் எந்தக் குடும்பம் செத்துப்போன யாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறது, யாருக்கும் யாருக்கும் கல்யாண ஓலை. கொஞ்ச நேர வேலைதான். அதற்கு நீ சனிக்கிழமையே சட்டையைத் தேய்த்து மாட்டி வைப்பாய். நாங்கள் கேலி செய்தோம். ஆனால் அறிவிப்பு நேரத்தில் தூங்கி வழிகிற நம் கோயில், நீ வாசிக்க ஆரம்பித்த பிறகு விழித்துக்கொண்டது உண்மை. தன் பெயரை நீ மைக்கில் சொல்லிக் கேட்பதற்காகவே சிலர் பூசைக்குக் காணிக்கை கொடுத்தார்கள்.

கண் விஷயத்தை நீ எனக்குச் சொன்னதும் இதே பஸ்ஸில்தான். சேலத்துக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். போகும்போது வாய் ஓயாமல் பேசியவன் வரும்போது அடிவாரம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

"நடுப்பார்வ போகுதாம்டா. கண்ணாடி போட்டாலும் பிரயோசனம் இல்லியாம். ஓரத்துல தெரியறது அப்படியே இருக்குமாம்."

"அப்படின்னா எப்படித் தெரியுது?"

"உன் மூஞ்சிய நேராப் பாத்தா மூஞ்சியக் காணோம். காது ரெண்டும் இருக்குது."

"நல்லதாப் போச்சு. இத்தன வருசமா அந்த மூஞ்சியப் பாத்ததே பெரிய கஷ்டம்" என்றேன்.

நீ சிரித்தாய். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "யாருகிட்டயும் சொல்லிப்போடாதே. ஊட்டுல எலிசாவுக்குத் தெரியும், அவ வெளிய சொல்ல மாட்டா. எதை வேணாலும் விட்டுருவேன்டா. ஞாயித்துக்கிழம படிக்கறத மட்டும் விட மாட்டேன்." நான் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து எவனோ வண்டி ஓட்டுகிற லட்சணத்தைத் திட்டினேன்.

காகிதத்தில் வாசிப்பது முதலில் போனது. பெங்களூரில் இருக்கும் உன் மகள், பேத்தியின் முகத்தைப் பார்க்க என்று ஒரு டேப்லட் அனுப்பியிருந்தாள். பங்குச் சாமியார் அறிவிப்பைச் சனிக்கிழமை பங்கு குரூப்பில் அனுப்பிவிடுவார். டேப்லட்டில் எழுத்தைப் பெரிசாக்கும் வசதி இருந்தது. அதில் ஆகப் பெரியதை வைத்தும் உனக்குப் போதவில்லை. போட்டோவை இரண்டு விரலால் இழுத்தால் பெரிசாகிறது, இந்த எழுத்து மட்டும் ஏன் இழுபட மாட்டேன் என்கிறது என்று அதனோடு தினமும் சண்டை போட்டாய்.

ஒரு நாள் உன் வீட்டில் நாம் இரண்டு பேரும் அந்தச் சண்டையில் இருந்தபோது, இட்லித் தட்டை ஏந்துவதைப் போல அதை இரு கையாலும் ஏந்தி எழுந்தாய். உன் விரல்கள் ஓரத்துப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து நசுக்கின. 'டிக்.' திரை ஒரு முறை சுருங்கி விரிந்தது. உடைத்துவிட்டோம் என்று நீ பயந்துபோனாய். நான் வாங்கித் தடவிப் பார்த்தால், போட்டோக்கள் இருக்கும் இடத்தில் பேத்தியின் படத்துக்குப் பக்கத்தில் சாமியாரின் அறிவிப்பும் ஒரு போட்டோவாக உட்கார்ந்திருந்தது. "இத இழுத்துப் பாரு" என்று நீட்டினேன். நீ இரண்டு விரலை வைத்து இழுத்தாய். எழுத்து வளர்ந்தது. இன்னும் இழுத்தாய். கட்டை விரல் பெரிசுக்கு வந்தது. முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோழி பார்ப்பதைப் போல ஓரக்கண்ணால் பார்த்தாய்.

"சூசை... 'அ' வந்துருச்சுடா!" என்று கத்தினாய். அடுப்படியிலிருந்து உன் மனைவி எலிசா கரண்டியோடு ஓடி வந்தாள். பிள்ளை பெற்ற வீட்டில் கூட அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ஸ்கிரீன்ஷாட் என்ற சொல் உன் வாயில் நுழையவில்லை. நீ அதற்குப் 'புடி' என்று பெயர் வைத்தாய். ஒரு படத்துக்குள் அறிவிப்பு முழுதும் அடங்காது. ஒரு புடி, கொஞ்சம் மேலே தள்ளு, மறுபடி ஒரு புடி. சனிக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் செய்து, "இன்னிக்கு நல்லா நாலஞ்சு புடி புடிச்சிருக்கேன்டா" என்பாய். அதைக் கேட்ட எலிசா, சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு எனக்குத் தெரியாமல் எங்கே போய் என்னத்தைச் சாப்பிட்டீர்கள் என்று உன்னைப் பிடிபிடி என்று பிடித்தாள். விஷயத்தைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கோயிலில் யாருக்கும் தெரியக் கூடாது என்று டேப்லட்டை ஒரு சிவப்பு ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு போவாய். இரண்டு இரண்டு வார்த்தையாக விரலால் தள்ளித் தள்ளி, முகத்தைச் சாய்த்து வாசிப்பாய். நீ சாய்த்துப் பார்க்கும் பக்கத்தில் அந்தோணியார் சுரூபம் இருந்தது. ரைட்டருக்கு இந்த வயதில் எவ்வளவு பக்தி, அந்தோணியாரை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

இப்படியே போயிருக்கும். ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது.

ஸ்டெல்லா உன் ஊர் ஒண்டிக்கடைப் பெண். மாப்பிள்ளை அருள்தாஸ் செம்மநத்தத்துப் பையன். அவன் அப்பா அந்தோணி மிளகும் காபியும் வைத்திருக்கும் விவசாயி, மூக்கு நுனியில் கோபம் உள்ள மனுஷன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஏதாவது தடை இருப்பதாகத் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஊரறியக் கேட்பது. முதல் ஓலைக்கு முந்தின நாள் காலையில் நீ டேப்லட்டிலிருந்து எனக்கு, 'நாளைக்குக் கோயிலுக்குச் சீக்கிரமாக் கிளம்பலாமா?' என்று செய்தி அனுப்பியிருந்தாய். நான் உடனே, 'நான் ரெடி' என்று பதில் போட்டேன். வெள்ளக்கடையில் இருந்து செய்தி போவது நம் மலைப் பஸ் மாதிரி. போகும்போதுதான் போகும். என் 'நான் ரெடி' எங்கெங்கோ நின்று நிதானித்துச் சாயங்காலம் உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது, சரியாக நீ இரண்டாவது புடி புடிக்கிற நேரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. செம்மநத்தத்திலிருந்து அந்தோணி உறவு சனத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீ ஃபைலைத் திறந்தாய். தொண்டையைச் செருமினாய்.

"முதலாம் திருமண ஓலை. செம்மநத்தத்தைச் சேர்ந்த திரு அந்தோணி, திருமதி ஜெபமாலை ஆகியோரின் மகன்..." விரல் அடுத்த படத்துக்குத் தள்ளியது. "வெள்ளக்கடை... மரியசூசை..." இன்னொரு தள்ளல். "நான்... ரெடி."

கோயிலில் ஒரு இருமல் கூட இல்லை. பிறகு மேலே பாடகர் குழுவில் எவனோ ஒருவன் 'களுக்' என்றான். அவ்வளவுதான், மடை உடைந்தது. பல் செட்டு கட்டிய கிழவன், மனைவியைப் புதைத்து வருஷக்கணக்கானவன், நான் ஸ்டெல்லாவுக்கு மாப்பிள்ளை, அதுவும் தயார் நிலையில்! ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் அம்மா மட்டும் அழுதாள். முதல் ஓலையே இப்படி ஆனால் என்ன ஆகுமோ என்ற பயம் அவளுக்கு.

நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன். உனக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. விரலால் முன்னும் பின்னும் தள்ளித் தேடிக்கொண்டிருந்தாய். அந்த முகத்தை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சிரிப்பு உன்னை விட்டு என் பக்கம் திரும்பட்டும் என்று எழுந்து நின்றேன்.

"ஏனுங்க சாமி, தடை இருந்தாச் சொல்லோணும்ல்லீங்க? எனக்குத் தடை இருக்குதுங்க. முழங்கால் வலி. பீடத்துல மண்டி போட முடியாதுங்க."

சாமியாரே சிரித்துவிட்டார். ஆனால் அந்தோணி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "எம் பையன் பேரு உங்குளுக்கு அவ்வளவு எளப்பமாப் போச்சுங்களா?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டார். நீ ஃபைலை மூடினாய். பக்கத்துக் கதவைத் தடவிக் கண்டுபிடித்து வெளியே போய்விட்டாய். நீ கதவைத் தடவியதை எல்லோரும் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. மிச்ச அறிவிப்பைச் சாமியார் வாசித்தார். அது என் காதில் ஏறவில்லை.

அதற்கப்புறம் நீ போன் எடுக்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு நானே கிளம்பி வந்தேன். வாசலிலேயே எலிசா, "வாங்கண்ணா. ஊட்டுல பேச்சே இல்லீங்கண்ணா. சோறும் சரியா எறங்கறதில்ல. இனி கோயிலுக்கே வரலேங்கறாரு" என்று கண்ணைத் துடைத்தாள். நீ உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். மேசைமேல் டேப்லட் ஒரு துணிப்பையில் முடிச்சுப் போட்டு இருந்தது.

"இதென்ன?"

"பெங்களூருக்கே அனுப்பச் சொல்லிட்டேன்."

"பேத்தியப் பாக்க வேண்டாமா?"

"கண்ணு இல்லாதவனுக்கு எதுக்குடா அது? ஒரு பையனோட பேர, கல்யாண ஓலையில, மாத்திப் படிச்சுட்டேன். எங்கண்ணு இல்லாதத எல்லாம் காட்டுது. நாளைக்குச் செத்தவன் பேருக்குப் பதிலா உசுரோட இருக்கறவன் பேரப் படிப்பேன். வேண்டாம். முடிஞ்சுது."

பயந்துபோயிருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. நான் கூட வெட்கம் என்றே நினைத்திருந்தேன். உன் கண் உன்னிடமே பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது என்று நீ நம்பிவிட்டாய். நான் முடிச்சை அவிழ்த்து டேப்லட்டை எடுத்து அந்தச் சனிக்கிழமைப் படங்களைத் தேடினேன். முதல் படம் 'மகன்' என்பதோடு முடிந்திருந்தது. இரண்டாவது படத்தைத் திறந்தேன். அருள்தாஸ் பெயர் இருக்க வேண்டிய மேல்விளிம்பில், ஒரு வெள்ளைப் பட்டை போல, நீ பதிந்து வைத்திருந்தபடி என் பெயரும் என் செய்தியும் அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ஏண்டா, எழவு ஊட்டுல வந்து சிரிக்கற மாதிரி..." என்று உனக்குக் கோபம் வந்தது.

"இரு, இரு. இதப் படி." எழுத்தை இழுத்துப் பெரிசாக்கி உன் ஓரக்கண் பக்கமாகப் பிடித்தேன்.

"மாட்டேன்."

"படிடா!"

"வெள்ளக்கடை மரியசூசை."

"அதுக்குக் கீழ?"

"நான் ரெடி."

"அத யாரு எழுதினது? நான்தான்டா. சீக்கிரமாக் கிளம்பலாமான்னு கேட்டியே, அதுக்குப் பதிலு. நீ புடி புடிக்கறப்ப வந்து மேல விழுந்துருக்குது. உங்கண்ணு இல்லாத எதையும் காட்டலடா. இருக்கறத ஒரு எழுத்து விடாமப் படிச்சிருக்கற. தப்பு படத்துல."

நீ டேப்லட்டை வாங்கிக்கொண்டாய். மறுபடி ஒரு தடவை, உதடு மட்டும் அசைய, வாசித்தாய். உன் தோள் குலுங்கியது. அழுகிறாயோ என்று நான் கிட்டத்தில் வந்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "எல்லாருக்கும் முன்னால நான் ரெடின்னு... ஏண்டா, உனக்கு இந்த வயசுல..." என்று சொல்ல வந்ததை முடிக்க முடியவில்லை. எலிசா வாசற்படியில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டாள்.

ஆனாலும் நீ வாசிக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது, எல்லோரும் இனி பரிதாபமாகப் பார்ப்பார்கள் என்றாய். நான் எவ்வளவு சொல்லியும் நகரவில்லை. நகர்த்தியது அந்தோணிதான். அடுத்த நாள் அருள்தாஸின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து உன் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. எலிசா காபி கொண்டு வந்தாள், கையில் வாங்கவில்லை. நம் மலையில் காபியை மறுப்பது சாதாரண விஷயமா?

நான் நடந்ததை எடுத்துச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. வர்ற ஞாயித்துக்கிழம ரெண்டாவது ஓல. நீங்கதான் படிக்கோணும்."

"சாமியாரே படிக்கட்டுமுங்க" என்றாய் நீ.

"அவரு படிச்சா அது அவரு படிச்சதுங்க. தப்பாச் சொன்ன வாயே சரியாச் சொன்னாத்தான் எம் பையன் பேரு அவனுக்குத் திரும்பி வரும். என்ற சம்சாரம் தூங்கறதில்லீங்க. ஸ்டெல்லா புள்ளையும் அதையேதான் சொல்லுது, ரைட்டர் தாத்தாதான் படிக்கோணும்னு."

பெயர் விஷயத்தை உன்னிடமே வந்து ஒருவர் பேசிவிட்டார். "சரிங்க" என்றாய்.

சனிக்கிழமை முழுதும் நான் உன்னோடுதான் இருந்தேன். மனப்பாடம் செய்துவிடு, ஒரே ஓலைதானே என்றேன். "படிக்கறேன்னு போய் நின்னுட்டு ஒப்பிச்சா அது ஏமாத்துடா" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாய். அறிவிப்பு வந்து சேர்ந்ததும் நான் ஏரோப்ளேன் படம் போட்ட பொத்தானைத் தட்டி எல்லாத் தொடர்பையும் துண்டித்தேன். "லாரி ஓட்டினவன் கடைசியில ஏரோப்ளேனும் ஓட்டிட்ட" என்றாய். இனி எவன் செய்தியும் வந்து விழாது. நீ ஒவ்வொரு புடியாகப் புடித்தாய். ஒவ்வொன்றையும் நான் மேல்விளிம்பிலிருந்து பார்த்தேன். மூன்றாவதில் 'சார்ஜ் குறைவாக உள்ளது' என்று ஒரு எச்சரிக்கை வந்து, சரியாக ஸ்டெல்லாவின் பெயர்மேல் படுத்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சார்ஜ் ஏற்றி மறுபடி புடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நீ சிவப்பு ஃபைலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாய். டேப்லட்டை வெறும் கையில் எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக்கொண்டு போனாய். மைக்குக்கு முன்னால் நின்று, "எனக்கு நடுப்பார்வ போயிருச்சுங்க. இதுல போட்டோவா எடுத்து, பெருசு பண்ணித்தான் படிக்கறேன். நிறுத்தி நிறுத்தித்தான் வரும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றாய். அதைச் சொல்ல உனக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும். நான் பெருமையில் நெஞ்சு விம்மி உட்கார்ந்திருந்தேன்.

"இரண்டாம் திருமண ஓலை. செம்மநத்தத்தைச் சேர்ந்த திரு அந்தோணி, திருமதி ஜெபமாலை ஆகியோரின் மகன்..."

விரல் தள்ளியது. கோயில் முழுதும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தது. நான் கையை விரித்துக் காட்டினேன், நான் இல்லை என்று. நீ முகத்தைச் சாய்த்தாய். நேரம் எடுத்துக்கொண்டாய்.

"அருள்தாஸ் என்பவருக்கும்" என்றாய்.

மூச்சை விட்ட சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. ஜெபமாலை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நீ ஸ்டெல்லாவின் பெயரையும் அவள் அப்பா அம்மா பெயரையும் தெருவையும் அப்படியே, எஸ்டேட்டில் காலை நேரத்தில் கூப்பிட்ட அதே குரலில், கடைசி வரிசைக்குப் போகும்படி வாசித்தாய். பூசை முடிந்தபோது உன்னை யாரும் பரிதாபமாகப் பார்க்கவில்லை. ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டு, அதை எப்படிப் பிடிப்பது, எங்கே அமுக்குவது என்று கேட்டார்கள். இத்தனை பேருக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. நம்மைப் போல அவரவரும் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள்.

கூட்டம் கலையும் வரைக்கும் அந்தோணி தள்ளி நின்றார். அப்புறம் வந்தார்.

"எனக்குஞ் சர்க்கரையில கண்ணு மங்கிப்போச்சுங்க. அன்னிக்கு உங்க ஊட்டுல படத்தக் காட்டுனீங்க, எனக்கு ஒண்ணுமே தெரியல. தெரிஞ்ச மாதிரி நின்னுட்டேன்" என்றார். பிறகு தரையைப் பார்த்து, "அத எப்படிங்க பெருசு பண்ணறது?" என்று கேட்டார். நீ அவரை உன் வீட்டுக்குக் கூட்டிப் போனாய். அன்றைக்கு அவர் காபி குடித்தார்.

அதிலிருந்து உன் கடைசி வாரம் வரைக்கும் நீ ஒரு ஞாயிறும் விடவில்லை. ஸ்டெல்லாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்பதையும் நீயே வாசித்தாய். சனிக்கிழமைகளில் அந்தோணியும் வந்து உட்கார்ந்துகொள்வார். நீ புடிப்பாய், நான் மேல்விளிம்பு பார்ப்பேன், அவர் குற்றம் சொல்வார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. எனக்கு உன்மேல் இன்னும் கோபம் உண்டு. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நீ போன பிறகு அறிவிப்பு வாசிக்க யார் வருகிறீர்கள் என்று சாமியார் கேட்டார். நல்ல கண் உள்ள இளசுகள் யாராவது எழுந்திருப்பார்கள் என்று எல்லோரும் பார்த்தோம். எழுந்தவர் அந்தோணி. குரல் கரகரப்பு, உன்னைவிட மெதுவாக வாசிக்கிறார், நடுவில் ஒரு எழுத்து பிடிபடாவிட்டால் மைக்கிலேயே சலித்துக்கொள்கிறார். ஆனாலும் கோயில் பொறுமையாகக் கேட்கிறது. காத்திருக்க நீ பழக்கிவிட்டுப் போன கோயில் அது. எலிசா உன் டேப்லட்டை அவருக்கே கொடுத்துவிட்டாள். மேல்விளிம்பு பார்க்கும் வேலை இன்னும் எனக்குத்தான். என் முழங்கால் என்ன சொன்னாலும் சனிக்கிழமையானால் கால் தானாக ஒண்டிக்கடைக்கு நடக்கிறது. நீ எனக்கு விட்டுப்போனது அதுதான், அதைச் செய்கிறவரைக்கும் நீ பக்கத்தில் இருக்கிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்றும் சனிக்கிழமை. ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு நான் இறங்கியபோது அந்தோணி டீக்கடை பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தார். எனக்கும் சேர்த்து டீ சொல்லியிருந்தார். நாளைக்கான படங்களை எடுத்து முடித்திருந்தார். ஒவ்வொன்றாகத் தள்ளி எனக்குக் காட்டினார். கூட்டம், நோயாளிகள், காணிக்கை, எல்லாம் சுத்தம். கடைசிப் படத்தை ஏற்கெனவே இழுத்துப் பெரிசாக்கி வைத்திருந்தார். 'முதலாம் ஆண்டு நினைவு, ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று இருந்தது. அதற்குக் கீழே உன் பெயர், ஒவ்வொரு எழுத்தும் கட்டை விரல் பெரிசில்.

"பாருங்க, மேல எதாச்சும் வந்து விழுந்துருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இவ்வளவு நாளில் முதல் தடவையாக எனக்கு நடு எழுத்துகள் தெரியவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"இல்லீங்க. பேரு முழுசா இருக்குது" என்றேன். "தைரியமாப் படிங்க."